மதிலில் ஒட்டிய அப்பா

18 பெப்ரவரி, செவ்வாய்

காலையிலேயே கண்ணீர் அஞ்சலி. மத்தியானம் இன்னொன்று. நடுவில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு அழைப்பிதழ். சாவு நோட்டீசுக்குப் போடும் நீலத்தை மறந்துபோய்ச் சாமத்தியப் பெண்ணுக்கும் போட்டுவிட்டேன். பார்த்தீபன் கண்டுபிடித்துச் சிரித்தான். அச்சு மெசினில் ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருதரம் பார்ப்பது அவன் வேலை. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பரலோகம் போயிருக்கும்.

முதலாளி தியாகராசா அண்ணைக்கு ஒரே மந்திரம்தான். "ரோட்டாலை போறவன் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு அழவேணும் பிள்ளை. அழேல்லையெண்டால் அது நோட்டீசில்லை, கடதாசி."

எனக்கு அது கைவந்த வேலை. வேதக்காரர் என்றால் சிலுவையும் புறாவும், சைவக்காரர் என்றால் குத்துவிளக்கு. முகத்தை வெட்டியெடுத்து, சுருக்கம் நீக்கி, தலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். பிறகு அவர்களுடைய கதை. செத்தவர் என்ன செய்வார் என்று வீட்டாரைக் கேட்பேன். "பின்னேரத்திலை உந்தக் கதிரையிலைதான் இருப்பார்" என்பார்கள். அதுபோதும். அந்தக் கதிரையை எழுதினால் சனம் அழும். யாழ்ப்பாணத்துக்குள் செத்தவர்களின் வீட்டார் "றஜிதா பிள்ளை செய்யட்டும்" என்று கேட்டு வருகிறார்கள். பெருமைதான். என்ன பெருமையோ.

அப்பா இன்றைக்கும் மயிலிட்டிக்குப் போக வேண்டும் என்றார். அங்கே ஒருவருடைய இஞ்சின் பழுதாம், அந்த மனிதர் இவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாராம். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனை வருடம். குருநகர் கரையில் 'இஞ்சின் அடைக்கலம்' என்றால் தெரியாதவர் இல்லை. படகு இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்வார். இப்போது சாப்பிட்டாரா என்று கேட்டால் யோசிக்கிறார்.

19 பெப்ரவரி

அப்பா மின்விசிறியைக் கழற்றிவிட்டார். திருப்பிப் பூட்டத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து அழுதார். அம்மா ஏசினா. பிறகு அம்மாவும் அழுதா.

21 பெப்ரவரி, வெள்ளி

அப்பாவைக் காணவில்லை.

வாசலுக்கு மீன் வந்திருக்கிறது. அம்மா சட்டி எடுக்க உள்ளே போயிருக்கிறா. திரும்பி வர, படலை திறந்து கிடந்ததாம். அவ்வளவுதான். நீலக்கட்டச் சாரம், மண்ணிறச் சேட்டு. செருப்பைப் போடவில்லை. சீனி வருத்தக்காரர், செருப்பில்லாமல் — 

கரை முழுக்கப் பார்த்தாயிற்று. மீன் வாடிகள், கோயில், பஸ் நிலையம். பெரியாஸ்பத்திரி. பொலிஸிலும் எழுதிக் கொடுத்தோம். அம்மா பேயறைந்த மாதிரி இருக்கிறா. "நான் சட்டிதான் எடுக்கப் போனனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறா. நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

22 பெப்ரவரி

மயிலிட்டிக்குப் போனோம். வேறெங்கே போவார்? துறைமுகத்தில் ஒவ்வொருவராகக் கேட்டோம். பார்த்தீபன் தன்னுடைய மோட்டார்சைக்கிளில் என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தான். அங்கே இல்லை. வரவேயில்லை என்றார்கள். பஸ்ஸில் ஏறினாரா, நடந்தாரா, யாருக்குத் தெரியும்.

அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறேன். என்ன நேர்ந்தேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

23 பெப்ரவரி, ஞாயிறு

நோட்டீஸ் அடித்தோம்.

எங்களுக்காகத் தியாகராசா அண்ணை கடையைத் திறந்தார். "உன்ரை அப்பாவுக்கு நீதான் செய்யவேணும். உன்னாலை ஏலும்" என்றார். ஓம், என்னால் ஏலும். இவ்வளவு நாளும் யார் யாருக்கோ செய்த கை, சொந்த அப்பாவுக்குச் செய்யாதா? சனம் நின்று பார்க்கவேண்டும், மனம் இளகவேண்டும், இளகினால்தான் தேடும். அப்படித்தான் நினைத்தேன்.

மாமாவின் மகளின் கல்யாணத்தில் எடுத்த படம். வெள்ளைச் சேட்டில் அப்பா. முகத்தை வெட்டியெடுத்தேன். நாடியில் நரைமயிர், புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பு, இல்லாத முன்பல் — எல்லாவற்றையும் சரிசெய்தேன். இளநீலப் பின்னணி. மேலே:

அன்பு அப்பா,
எங்கே போனீர்கள்?
உங்கள் கதிரை வெறுமையாய் இருக்கிறது.
நாங்கள் படலையைப் பூட்டவில்லை.
ஏங்கும் மகள்.

கீழே சின்னதாக 'இஞ்சின்' அடைக்கலநாதன், குருநகர், 21ஆம் திகதி முதல் காணவில்லை, தொடர்புகளுக்கு என்று என் இலக்கம்.

எழுதும்போது கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது. தியாகராசா அண்ணை வாசித்துவிட்டு வெளியே போய்விட்டார். பார்த்தீபன் மெசினடியில் நின்று மூக்கைச் சிந்தினான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: நான் செய்தவற்றிலேயே இதுதான் திறம். அந்த நேரத்திலும் ஒரு மூலையில் எனக்கு அது தெரிந்தது.

பார்த்தீபனும் சிநேகிதர்களும் யாழ்ப்பாணம் தொடங்கிச் சுன்னாகம், தெல்லிப்பழை வரைக்கும் ஒட்டப் போய்விட்டார்கள். இருட்டுவதற்குள் முடித்துவிடுவார்களாம்.

24 பெப்ரவரி

ஒருவரும் எடுக்கவில்லை. ஓர் அழைப்பும் வராததால், என் போனில் பிழையோ என்று பார்த்தீபனைக் கொண்டு அழைத்துப் பார்த்தேன். மணி அடிக்கிறது. பிறகும் ஒருவரும் அழைக்கவில்லை.

அவ்வளவு நோட்டீஸ். அவ்வளவு சனம். ஒருவர்கூடக் காணவில்லையா?

25 பெப்ரவரி, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க ஏலாது.

காலையில் அரியாலை மாமி, அப்பாவின் தங்கச்சி, ஓட்டோவில் வந்து இறங்கினா. வெள்ளைச் சீலை. கூடவே இரண்டு பெண்கள். படலையடியிலேயே தலையில் அடித்துக்கொண்டு, "என்ரை அண்ணை, எனக்கொரு சொல் சொல்லாமல் போட்டியளே" என்று ஒப்பாரி. அம்மா முற்றத்தில் நின்றா. மாமியின் முகத்தைப் பார்த்தா. பிறகு அப்படியே விழுந்துவிட்டா.

பொலிஸ்காரர் மாமிக்கு முதல் சொல்லிவிட்டார்களாக்கும், எங்கேயோ உடல் கிடைத்திருக்கிறதாக்கும் என்று நானும் நினைத்தேன். இரண்டு மூன்று நிமிசம் என் அப்பா செத்துப்போயிருந்தார். உண்மையாகவே. அந்த நிமிசங்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"ஆர் மாமி சொன்னது? எங்கை கிடக்கிறார்?" என்று அவவைப் பிடித்து உலுப்பினேன்.

மாமி ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. "நீதானே பிள்ளை நோட்டீஸ் அடிச்சிருக்கிறாய். எங்கடை சந்தியிலை ஒட்டிக்கிடக்கு. எனக்கொரு போன் எடுக்க உனக்கு மனம் வரேல்லை, என்ன?"

அவ அழுதுகொண்டிருக்கும்போதே மீனவர் சங்கத்துப் பெடியள் வந்தார்கள். எப்போது அடக்கம், ஒழுங்கைக்குச் சாவுக் கொடி கட்டவா என்று கேட்டார்கள்.

எங்கள் குருநகர்ச் சந்திக்கு ஓடினேன். மதிலைப் பார்த்தேன்.

மூன்று நோட்டீஸ் வரிசையாக. இடப்பக்கம் போன கிழமை செத்த ஒரு வாத்தியார், நான் செய்தது. வலப்பக்கம் கொழும்புத்துறை அம்மா ஒருவர், அதுவும் நான் செய்தது. நடுவில் அப்பா. அதே இளநீலம். அதே எழுத்து. தலைக்குப் பின்னால் — ஐயோ, அதே வெளிச்சம். படம் வெட்டும்போது பழக்கதோசத்தில் போட்டிருக்கிறேன். போட்டதே தெரியாது. 'தொடர்புகளுக்கு' என்றுகூட மூன்றிலும் ஒரே இடத்தில்.

எட்ட நின்று பார்த்தால் மூன்று சாவு. ரோட்டால் போகிறவர் எட்ட நின்றுதானே பார்ப்பார்? கிட்ட வந்து வாசித்தாலும் என்ன? எங்கே போனீர்கள், கதிரை வெறுமை, ஏங்கும் மகள் — எங்கடை ஊரில் உயிரோடு இருக்கிற ஆளைப் பார்த்து ஆர் அப்படிக் கேக்கிறது? 'காணவில்லை' என்ற ஒரு சொல்லைச் சின்னதாய்ப் போட்டிருக்கிறன். ஏன்? அது வடிவில்லை எண்டு. அது கவிதையைக் கெடுக்குது எண்டு. விசரி. விசரி. இருந்த நல்ல சொல் எல்லாத்தையும் செத்தவைக்கே குடுத்து முடிச்சுப்போட்டன், உயிரோடை இருக்கிற மனிசனைக் கூப்பிட என்னட்டை ஒரு சொல்லும் இல்லை.

சனம் பார்த்திருக்கிறது. சைக்கிளை நிப்பாட்டி, அழுதும் இருக்கும். அழுதுவிட்டுப் போய்விட்டது.

26 பெப்ரவரி

விடிந்ததும் கடைக்குப் போனேன். மஞ்சள் கடதாசி. கறுப்புத் தடித்த எழுத்து. வெளிச்சம், புறா, கவிதை ஒன்றும் இல்லை.

படம்தான் கஷ்டம். போனைத் தேடினால் போன மாதம் விளையாட்டாக எடுத்த ஒன்று கிடந்தது. அப்பா மீன்முள்ளைத் துப்புகிறார். வாய் திறந்திருக்கிறது, பல்லில்லாத இடம் தெரிகிறது, வெயிலுக்கு ஒரு கண் சுருங்கியிருக்கிறது, சவரம் செய்யாத நாடி. ஒரு பிக்சலையும் தொடவில்லை. தொட்டுவிடுவேனோ என்று பயந்து கணினி எலியை விட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குப் போனில் அனுப்பினேன். உடனே திருப்பி அழைத்தா. "என்ன பிள்ளை உது? பிச்சைக்காரன் மாதிரி. சனம் என்ன சொல்லும்?"

"ரோட்டிலை அவர் இப்ப உப்பிடித்தான் இருப்பார் அம்மா."

பிறகு, "இடக்கைப் பெருவிரல் நகம் கறுப்பு எண்டும் போடு" என்றா.

தலைப்புத்தான் மிச்சம். 'காணவில்லை' என்று பெரிதாகப் போட்டேன். போதாது என்று பட்டது. மதிலில் அவர் ஏற்கெனவே செத்துவிட்டார். அதை யாராவது இல்லை என்று சொல்லவேண்டும். அதற்கு மேலே இன்னும் பெரிதாக அடித்தேன்:

இவர் உயிரோடு இருக்கிறார்.

தியாகராசா அண்ணை பின்னால் நின்று பார்த்தார். "பிள்ளை, உது மருந்து விளம்பரம் மாதிரிக் கிடக்கு. உதைப் பாத்து ஒருத்தரும் அழமாட்டினம்."

"அழவேண்டாம் அண்ணை. பாத்தாப் போதும்."

"அதுசரி... உயிரோடை எண்டு உனக்குத் தெரியுமே?"

எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் அடித்தேன். பொய்யென்றால் என் அப்பாவின் பெயரில் ஊர் முழுக்க ஒரு பொய் தொங்கும். தியாகராசா அண்ணை போய் மெசினைத் தானே போட்டார்.

பழையதற்கு மேலேயே ஒட்டச் சொல்லிப் பார்த்தீபனிடம் கொடுத்தேன்.

27 பெப்ரவரி

போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. முதலாவது அழைப்பு: "அப்ப அவர் சாகேல்லையோ?" இரண்டாவதும் அதேதான். ஒருவர் ஏசினார், செத்த ஆளை வைத்து விளையாட்டா என்று. தன் தகப்பனும் இப்படித்தான் போனவர் என்று ஒரு பெண் அழுதா. அவவை நான் ஆறுதல்படுத்தவேண்டி வந்தது. எடுத்தவர்களில் ஒருவரும் அப்பாவைக் கண்டதாகச் சொல்லவில்லை.

உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். எழுதினால் உண்மையாகிவிடுமா?

28 பெப்ரவரி, வெள்ளி

சுன்னாகத்திலிருந்து ஓர் அம்மா போன் எடுத்தா. பெயர் இரத்தினம்மா. சந்தைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை. எடுத்ததும் அழுகை.

"பிள்ளை, நான் அவருக்குத் தேத்தண்ணி குடுத்தனான். சனியும் வந்தவர், ஞாயிறும் வந்தவர். மயிலிட்டி பஸ் எது எண்டு கேட்டவர். பேர் கேக்க, இஞ்சின் அடைக்கலம் எண்டு சொன்னவர். திங்கள் விடிய உங்கடை நோட்டீசைப் பாத்திட்டு, பாவம் மனிசன், மோசம் போட்டார் எண்டு நினைச்சிட்டன். கடையிலை ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினனான். அண்டைக்கே போன் எடுத்திருப்பன் பிள்ளை... இண்டைக்குத்தான் மஞ்சளைப் பாத்தன்."

என் அப்பாவுக்கு அவ மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறா. கொளுத்தவைத்தது நான்.

பார்த்தீபனும் நானும் சுன்னாகம் போய், அவ கைகாட்டிய பக்கமாகத் தெல்லிப்பழை வீதியில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனோம். மஞ்சள் நோட்டீசைக் காட்டிக் காட்டி. வீதியைவிட்டு உள்ளே ஒரு வெங்காயத் தோட்டம். தண்ணீர் இறைப்பு மெசின் ஓடும் சத்தம் கேட்டது. பார்த்தீபனின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன்.

மெசின் கொட்டிலுக்குள், மெசினுக்குப் பக்கத்தில், நிலத்தில் அப்பா. காய்ச்சல் கொதித்தது. இடது பாதம் வீங்கிக் கறுத்து — அந்த மணத்தை எழுதமாட்டேன்.

தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளை கையைப் பிசைந்தார். "முந்தநாள்தான் வந்தவர் தங்கச்சி. சாப்பாடு குடுத்தனான். மெசினை விட்டு எழும்பமாட்டன் எண்டிட்டார். ஊர் விதானையாரிட்டை சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

சந்தியில் நீல நோட்டீசைக் காணவில்லையா என்று கேட்டேன்.

"கண்டனான். அது ஆரோ வெள்ளைச் சேட்டு ஐயாவெல்லோ. செத்தவரெல்லோ." மஞ்சளை வாங்கிப் பார்த்தார். "உது இவர்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். "மெசின்ரை சத்தம் சரியில்லைப் பிள்ளை" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்ததோ தெரியாது. எல்லோரையும்தானே பிள்ளை என்கிறார்.

1 மார்ச்

தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. கால் கழட்டவேண்டுமாம். முழங்காலுக்குக் கீழே.

நாலு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டொக்டர். ஏசவில்லை. கடமைக்குச் சொன்னார். திங்கட்கிழமை. இரத்தினம்மா போன் எடுத்திருக்க வேண்டிய திங்கட்கிழமை.

கையெழுத்தை அம்மாதான் போட்டா.

5 மார்ச், விபூதிப் புதன்

கால் போய்விட்டது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. போர்வைக்குள் கையை விட்டுத் தேடுகிறார். தேடிவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டேன் என்பதுபோல.

அரியாலை மாமி தோடம்பழத்தோடு வந்தா. "விடு பிள்ளை. இனி எங்கையும் போகமாட்டார். அதுவும் ஒரு நிம்மதி" என்றா. ஆறுதலுக்குத்தான் சொன்னா. எழுந்து வெளியே வந்துவிட்டேன். இருந்திருந்தால் அந்தத் தோடம்பழத்தாலேயே அவவுக்கு எறிந்திருப்பேன்.

17 மார்ச்

வேலைக்குப் போனேன். வந்ததும் வராததுமாக ஒரு சாவு. மகன்காரன் என்னைத்தான் கேட்டு வந்திருக்கிறான். அப்பா என்ன செய்வார் என்று வழக்கம்போலக் கேட்கவேண்டும். வாய் வரவில்லை. அவனாகவே சொன்னான். "பின்னேரத்திலை ரேடியோவைப் போட்டிட்டு நித்திரையாகிடுவார். நிப்பாட்டினால் எழும்பி ஏசுவார்."

அதை அப்படியே போட்டேன். ஏங்கவுமில்லை, புலம்பவுமில்லை. புருவத்து மச்சத்தையும் தொடவில்லை. தலைக்குப் பின்னால் வெளிச்சம் வைக்கக் கை போனது. எடுத்துக்கொண்டேன். அவனுக்குப் பிடித்ததோ தெரியாது. வாங்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன பிள்ளை, கை மழுங்கிப்போச்சோ?" என்றார் தியாகராசா அண்ணை. தெரியவில்லை அண்ணை என்றேன்.

24 மார்ச்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். படலையைப் பூட்டத் தேவையில்லை. அம்மா பழக்கத்தில் பூட்டுகிறா.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

பூசைக்கு அப்பாவைச் சில்லுக்கதிரையில் தள்ளிக்கொண்டு போனேன். கையில் குருத்தோலை. வரும்போது வெயில் என்று வாடிப்பக்கத்து ஒழுங்கையால் திரும்பினேன். அங்கே வலை வைக்கிற கொட்டிலின் சுவரில் நீல நோட்டீஸ் ஒன்று கிடந்தது. மஞ்சள் ஒட்டாமல் தப்பியது. வெயிலில் வெளிறி, ஒரு மூலை கிழிந்து. கதிரையை வேகமாகத் தள்ளப் பார்த்தேன்.

"நில்லு பிள்ளை" என்றார் அப்பா.

நின்றேன். அவருக்கு இன்னும் வாசிக்க வரும், மெல்ல, எழுத்துக்கூட்டி. விரலைக் காற்றில் நகர்த்தி முழுவதையும் வாசித்தார். கதிரை வெறுமையாய் என்ற இடத்தில் திரும்பவும் தொடக்கத்துக்குப் போய் வாசித்தார். பிறகு குருத்தோலையை மடியில் வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். அவருடைய கண் நிரம்பியிருந்தது.

"ஆரப்பா அது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியேல்லை." கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார். "எங்கடை ஆக்கள் போலத்தான் கிடக்கு. பாவம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இந்த மனிசனிலை நல்ல விருப்பம், என்ன?"

ஓம் அப்பா என்றேன்.

பின்னேரம் பார்த்தீபன் போன் எடுத்தான். மிச்சமிருக்கும் நீலத்தை எல்லாம் நாளைக்குக் கிழிக்கப் போகிறானாம். வலைக் கொட்டில் சுவரில் இருப்பதை மட்டும் விடச் சொன்னேன்.